மோட்டார் ஓடியும் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறுவது ஏன்? சம்ப் பம்ப் பராமரிப்பு பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "வீட்டின் தரைக்கீழ் அறையில் ஊற்றுத் தண்ணீர் வருகிறது என்று மூலையில் குழி எடுத்து, அரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கி 4 வருடம் ஆகிறது. இதுவரை அதைத் தொட்டதே இல்லை. போன மழையில் இரவு முழுக்க மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. காலையில் இறங்கிப் பார்த்தால் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். 1 எச்.பி. மோட்டாராக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? இனி இதை எப்படிப் பராமரிப்பது?"

இப்போதைக்கு மாற்றாதீர்கள். மோட்டார் சுற்றுவது வேறு, தண்ணீர் வெளியே போவது வேறு. அடிச்சல்லடை, தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், ஏறிய தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு, ஏறுகுழாய், வெளியே தண்ணீர் கொட்டும் வாய் என்று வரிசையாக ஐந்து இடங்களைத் தாண்டித்தான் குழித் தண்ணீர் வெளியேறுகிறது. இதில் எந்த இடம் அடைத்துக்கொண்டாலும் மேலே இருப்பவருக்குக் கேட்பது அதே "உர்ர்ர்" சத்தம்தான். அடைப்பை அப்படியே விட்டுவிட்டு 1 எச்.பி. மோட்டாரை இறக்கினால், கரண்டும் காசும்தான் கூடுதலாகப் போகும்.

பேச்சில் சம்ப் என்றாலே குடிதண்ணீர்த் தொட்டி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே சொல்வது அதைப் பற்றி இல்லை. சுவருக்குப் பின்னாலும் தரைக்கு அடியிலும் ஊறும் நிலத்தடி நீரைத் துளையிட்ட குழாய்கள் வழியாக ஒரு குழிக்குக் கொண்டுவந்து, குழி நிறைய நிறைய வெளியேற்றும் ஏற்பாடு இது. கழிப்பறைத் தண்ணீர் சேரும் குழியும் வேறு. அதற்கு வேறு வகை பம்ப் வேண்டும். அந்தக் குழிக்குள் நச்சுவாயு தேங்கியிருக்கும் என்பதால் தலையைக்கூட நீட்டக் கூடாது.

உங்கள் மோட்டார் ஓடியும் தண்ணீர் இறங்காததற்கு நான் முதலில் சந்தேகப்படுவது ஏர்லாக். 4 வருடம் தொடாத குழி, நடுவே நீண்ட வெயில்காலம். குழித் தண்ணீர் வற்றிப் பம்பின் வயிற்றுக்குள் காற்று புகுந்திருக்கும். மழை வந்து கீழிருந்து தண்ணீர் ஏறும்போது, அந்தக் காற்றுக்கு வெளியேற வழி கிடையாது. மேலே செக் வால்வு மூடியிருக்கிறது; அதன் தலைமேல் ஏறுகுழாயில் நிற்கும் தண்ணீர் அழுத்திக்கொண்டிருக்கிறது. இம்பெல்லர் காற்றில் சுற்றும். காற்றை வைத்து வால்வைத் தள்ளித் திறக்க அதனால் முடியாது. விடிய விடியச் சுற்றினாலும் ஒரு சொட்டு ஏறாது.

இதற்காகத்தான் பம்புக்கும் செக் வால்வுக்கும் நடுவே உள்ள குழாயில், குழி மூடிக்குக் கீழே, சுமார் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போடுவார்கள். காற்று அதன் வழியாக வெளியேறிவிடும். மோட்டார் ஓடும்போது அந்தத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். அது பீய்ச்சத்தான் வேண்டும். ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் குழாய் ஒழுகுகிறது என்று பதறி, பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்த துளையை நான் பலமுறை திறந்துவிட்டிருக்கிறேன். சில இடங்களில் யாரும் அடைக்காமலே உப்புப் படிந்து தானாக மூடியிருக்கும். ஒரு மெல்லிய கம்பியை நுழைத்தால் போதும். உங்கள் குழாயில் அந்தத் துளை இருக்கிறதா, இருந்தால் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில பம்புகளில் உடம்பிலேயே துளை வைத்து வரும். அப்படி இருந்தால் குழாயில் தனியாகப் போடத் தேவையில்லை. பம்போடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும். துளையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டால் பீய்ச்சும் தண்ணீர் மூடிமேல் அடிக்காமல் குழிக்குள்ளேயே விழும்.

அடுத்து செக் வால்வு. ஏறிய தண்ணீர் திரும்பிக் குழிக்குள் விழாமல் தடுப்பது இதன் வேலை. உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. சரியாக மாட்டியிருந்தும் உள்ளே இருக்கும் மடல் சேற்றில் பாதி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கல் சிக்கி மூடாமலும் இருக்கலாம். மூடாத வால்வு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 1.2 லிட்டர் தண்ணீர் நிற்கும். செக் வால்வுக்கு மேலே 5 மீட்டர் குழாய் இருந்தால் 6 லிட்டர். மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த 6 லிட்டரும் திரும்பி விழும். அதை மறுபடி ஏற்ற மறுபடி ஓடும். மோட்டார் நின்றதும் குழாய்க்குள் "களகள" என்று தண்ணீர் இறங்கும் ஓசை கேட்டால் வால்வு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். "டக்" என்று ஒரே ஒரு அடி விழுந்து அமைதியானால் வால்வு நன்றாக மூடுகிறது.

மாட்டும்போதே வால்வின் இரண்டு பக்கமும் கழற்றக்கூடிய கப்ளிங் வைத்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டிவிட்டால், அடுத்த முறை சுத்தம் செய்யக் குழாயை அறுக்க வேண்டும். அறுக்கச் சோம்பல்பட்டு யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

உங்கள் மோட்டார் மூன்று ஃபேஸில் ஓடுவதாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். யாராவது வயரிங் வேலை செய்தபோது ஃபேஸ் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் வரும், தண்ணீரும் கொஞ்சம் வரும், வேகம் இருக்காது. எலக்ட்ரீஷியனுக்கு இது ஐந்து நிமிட வேலை.

இதெல்லாம் பார்த்தபிறகும் சந்தேகம் தீரவில்லையா? அளந்து பார்த்துவிடலாம். இந்த அளவை எடுக்காமல் மோட்டாரின் எச்.பி.யைப் பற்றிப் பேசுவதே வீண் என்று நான் நினைக்கிறேன். குழியின் குறுக்களவு 45 சென்டிமீட்டர் என்றால், தண்ணீர் 1 சென்டிமீட்டர் ஏறினால் சுமார் 1.6 லிட்டர் சேர்ந்திருக்கிறது. 60 சென்டிமீட்டர் குழியில் அதுவே சுமார் 2.8 லிட்டர். நல்ல மழை பெய்யும்போது மோட்டாரை நிறுத்திவிட்டு, குழிச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். 45 சென்டிமீட்டர் குழியில் 10 சென்டிமீட்டர் ஏறினால் நிமிடத்துக்கு 16 லிட்டர் ஊறுகிறது. இப்போது மோட்டாரைப் போடுங்கள். தண்ணீர் 20 சென்டிமீட்டர் இறங்க எத்தனை விநாடி ஆகிறது? 1 நிமிடம் ஆனால், இறங்கிய 32 லிட்டரும் அந்த நிமிடத்தில் ஊறிய 16 லிட்டரும் சேர்த்து 48 லிட்டரை மோட்டார் தள்ளியிருக்கிறது. அதன் தகட்டில் நிமிடத்துக்கு 150 லிட்டர் என்று போட்டிருக்கலாம். அது உயரமே இல்லாமல் தள்ளும்போது வரும் கணக்கு; ஏறுகுழாய் உயர உயரக் குறையும். எந்த உயரத்துக்கு எவ்வளவு என்று பம்போடு வரும் தாளில் அட்டவணையோ வளைகோடோ இருக்கும். அதில் உங்கள் உயரத்துக்கு 110 என்று இருந்து, அளவில் 48தான் வந்தால், மோட்டார் சின்னது என்று சொல்ல முடியாது, எங்கேயோ அடைத்திருக்கிறது. அட்டவணைப்படியே தள்ளியும் ஊற்று அதை மிஞ்சினால் மட்டும் பெரிய மோட்டாரைப் பற்றி யோசிக்கலாம்.

தேவைக்கு மேல் பெரிய மோட்டார் கெடுதலும் செய்யும். தண்ணீரோடு ஏறி இறங்கி மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்துவது மிதவை. அது ஏறி இறங்கும் இடைவெளியில் 32 லிட்டர் இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 150 லிட்டர் தள்ளும் பம்ப் அதைச் சுமார் 13 விநாடியில் முடிக்கும். 300 லிட்டர் தள்ளுவது 6 விநாடியில் முடித்துவிட்டு நிற்கும், மறுபடி கிளம்பும். கிளம்பும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைவிட 3 முதல் 6 மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தச் சூடு ஆறும் முன்பே அடுத்த முறை கிளம்பினால், மோட்டாரின் கம்பிச்சுருளான காயிலும், அதைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரும்தான் அடிவாங்கும். நிதானமாக நீண்ட நேரம் ஓடி, நீண்ட நேரம் ஓய்வெடுக்கும் பம்ப்தான் வருடக்கணக்கில் நிற்கும்.

இனி பராமரிப்பு. அதில் மிதவைதான் முதல் கவலை. நான் பார்த்தவரை மோட்டார் எரிந்து வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைவிட, மிதவை சிக்கி வந்ததுதான் அதிகம். கயிறு போன்ற வயரில் தொங்கி அசையும் மிதவைக்கு அகலமான குழி வேண்டும். ஓடும்போது பம்ப் அதிர்ந்து அதிர்ந்து அங்குலம் அங்குலமாக நகரும்; ஒருநாள் மிதவை சுவருக்கும் பம்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கீழே மாட்டினால் மோட்டார் கிளம்பாது. மேலே மாட்டினால் நிற்காமல் ஓடி, தண்ணீர் வற்றியபின் சூடேறி, மோட்டாருக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் கருகும். குழி குறுகலாக இருந்தால் கம்பியில் நேராக ஏறி இறங்கும் மிதவை நல்லது.

ஒரு வீட்டில் பம்பின் சொந்த பவர் கேபிளே சுருண்டு மிதவையின் மேல் விழுந்து, அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. ஒரு குச்சியால் கேபிளை விலக்கியதும் மிதவை "பொளக்" என்று மேலே வந்தது, மோட்டார் கிளம்பியது. அன்றிலிருந்து கேபிளை ஏறுகுழாயோடு சேர்த்துக் கட்டாமல் நான் எந்தக் குழியையும் மூடியதில்லை.

அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மழைக்காலம் தொடங்கும் முன்பும், ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றிப் பாருங்கள். மெதுவாக ஊற்றுங்கள், மிதவை எந்த உயரத்தில் எழும்பி மோட்டாரைக் கிளப்புகிறது என்று பாருங்கள். கையால் மிதவையைத் தூக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது; தண்ணீர் தூக்க வேண்டும். ஒரு வாளி போதாவிட்டால் இரண்டு மூன்று ஊற்றுங்கள். மோட்டார் கிளம்பியதும் ஒருவர் வெளியே போய், குழாய் வாயில் தண்ணீர் முழு வேகத்தில் கொட்டுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் அன்றிரவு யாராவது குடையோடு வெளியே போய்ப் பார்த்திருந்தால், ஓடுகிற மோட்டாரிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று இரவு 10 மணிக்கே தெரிந்திருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை பம்பை வெளியே எடுக்க வேண்டும். முதலில் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கேபிளைப் பிடித்துத் தூக்காதீர்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் சீல் தளர்ந்தால் மோட்டாருக்குள் தண்ணீர் போகும். கைப்பிடியில் நைலான் கயிறு கட்டித் தூக்குங்கள். வெளியே எடுத்துக் கவிழ்த்து வைத்து, அடியில் இருக்கும் சல்லடையைக் கழற்றுங்கள். நான் கடைசியாகக் கழற்றிய ஒன்றில், பிளாஸ்டிக் சாக்கின் இழைகள் இம்பெல்லரின் தண்டைச் சுற்றி நூல்கண்டுபோல இறுகியிருந்தன. வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. குழி மூடாமல் கிடந்ததுதான் காரணம். பக்கத்தில் அடுக்கியிருந்த சாக்குகள் மக்கி இழை இழையாக உள்ளே விழுந்திருக்கின்றன. குழிக்கு இறுக்கமான மூடி போடுங்கள். குப்பை விழாது, குழந்தைகள் கால் வைத்து விழும் ஆபத்தும் இருக்காது, அறைக்குள் ஈரக்காற்றும் குறையும்.

இம்பெல்லரை விரலால் சுற்றிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். "கரகர" என்றால் சரளைக்கல். ஆட்டம் கண்டால் பேரிங். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் மோட்டாரின் சீல் போய்விட்டது. அந்தப் பம்பை மறுபடி இறக்காதீர்கள். மோட்டார் கிளம்பாமல் முனகிக்கொண்டு மட்டும் இருந்தால் இம்பெல்லர் சிக்கியிருக்கும், இல்லை கெப்பாசிட்டர் போயிருக்கும். அப்படியே முனக விட்டால் காயில் எரியும். கொஞ்ச நேரம் ஓடி, தானாக நின்று, அரை மணி கழித்துத் தானாக ஓடுகிறதென்றால் உள்ளே இருக்கும் ஓவர்லோடு பாதுகாப்பு வெட்டுகிறது. "தானாகச் சரியாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். சூடேறுவதற்குக் காரணம் அப்படியே இருக்கிறது.

குழியின் அடியில் படிந்த வண்டலை அள்ளிவிட்டு, பம்பை ஒரு தட்டையான கல்லின்மேலோ செங்கல்லின்மேலோ வையுங்கள். நேரே சேற்றில் உட்கார்ந்த பம்ப் சேற்றைத்தான் குடிக்கும். வெள்ளை உப்பு படிந்திருந்தால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். குழியில் செம்மஞ்சள் நிறத்தில் வழவழவென்று கூழ் படிகிறதா? துரு என்று நினைத்துவிடாதீர்கள். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இரும்பை உண்டு வாழும் பாக்டீரியாக்களின் வேலை அது. துளைக்குழாய்களையும் மிதவையையும் அது மெல்ல மெல்ல அடைக்கும். அப்படிப்பட்ட குழியை வருடத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தால் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். எதைக்கொண்டு கழுவினாலும் வினிகரையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். தரைக்கீழ் அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வெளிவாய் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அங்கிருந்து தரை, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிய வேண்டும். சுவர் ஓரத்திலேயே கொட்டினால் அதே தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அதே குழிக்கு வந்து, அதே மோட்டாரால் மறுபடி ஏற்றப்படும். இரவு முழுக்க ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கூரைத்தண்ணீர்க் குழாயும் சுவர் ஓரத்தில் கொட்டுகிறதா என்று பாருங்கள். அதைத் தள்ளிவிட்டாலே சில வீடுகளில் ஊற்று பாதியாகக் குறைந்துவிடுகிறது. தரைச் சரிவுக்கு 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்பது நல்ல கணக்கு. வாயில் ஒரு வலை போடுங்கள், எலியும் இலையும் நுழையாது; ஆனால் வலையே அடைத்துக்கொள்ளாத அளவுக்குக் கண் பெரிதாக இருக்க வேண்டும். சாக்கடைக் குழாயில் இணைப்பது பல ஊர்களில் சட்டப்படி தவறு. செப்டிக் டேங்கில் விடுவதும் கூடாது. பனி உறையும் நாடுகளில் இருப்பவர்கள், வெளிக்குழாயில் தண்ணீர் தேங்கி உறையாதபடி சரிவாக அமைக்க வேண்டும்.

மின்சாரம் பற்றி. பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தேதான் வரும். பம்ப் மிக அவசியமான அந்த இரவில்தான் கரண்ட் இருக்காது. அதனால் பேட்டரி ஏற்பாடு ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 600 வாட் இழுக்கும் என்று வைத்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியருக்கு மேல் போகும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி தொடர்ந்து ஓடினால் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம். ஆனால் நிமிடத்துக்கு 15 விநாடி மட்டும் ஓடினால் 6, 7 மணி நேரம் வரும். ஊற்றை அளந்து பார்க்கச் சொன்னேனே, இதற்கும் அந்த அளவுதான் வேண்டும். கிளம்பும்போது இழுக்கும் மடங்கு மின்சாரத்தைத் தாங்கும் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஈய அமில பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் குறையாமல் பாருங்கள். 3 முதல் 5 வருடத்தில் மாற்ற வேண்டிவரும். மெயின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பேட்டரியில் மட்டும் பம்பை ஓட்டிப் பார்ப்பதும் வாளிச் சோதனையில் சேர்த்தி. மிதவை தொடங்கும் மட்டத்துக்கு மேலே அலறும் ஒரு தண்ணீர் மட்ட அலாரத்தையும் மாட்டுங்கள். மொத்த ஏற்பாட்டிலும் செலவு குறைந்த பாதுகாப்பு அது.

ப்ளக் பாயின்ட், வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கசிவு மின்சாரம் வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம்.

இந்தத் தொல்லையே வேண்டாம், உள்சுவரில் வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்துவிட்டுக் குழியை மூடிவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். தரைக்கு அடியில் தண்ணீர் 1 மீட்டர் உயரத்துக்கு அழுத்தி நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் ஏறக்குறைய 1 டன் எடை கீழிருந்து தூக்கும். பூச்சு உரியும், தரை வெடிக்கும். அந்த அழுத்தத்தை இறக்கிவிடுவதுதான் குழி செய்யும் வேலை.

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒரு நல்ல பம்ப் 7 முதல் 10 வருடம் வரும். உங்களுடையதற்கு 4 வருடம்தான் ஆகிறது. துளையைத் திறந்து, வால்வைக் கழுவி, சல்லடையைச் சுத்தம் செய்து, அளந்து பாருங்கள்.

அதற்குள் இன்னொரு மழை வந்து தண்ணீர் ஏறிவிட்டால், தயவுசெய்து அந்தத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். முதலில் மேல்தளத்திலிருந்து மெயினை அணையுங்கள். மெயின் போர்டே கீழே இருந்தால், மின்வாரிய ஆள் வந்து துண்டிக்கும்வரை இறங்கவே வேண்டாம். தண்ணீர் மார்பளவு, ஆளுயரம் என்று ஏறிவிட்டிருந்தால் ஒரே மூச்சில் இறைத்து முடிக்கவும் அவசரப்படாதீர்கள். வெளியே மண் ஊறி நிற்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர்தான் சுவருக்கு எதிர்த்தாங்கல் கொடுத்துக்கொண்டிருக்கும். அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் சுவர் உள்ளே சாயக்கூடும். கொஞ்சம் இறைத்து, சுவரில் கோடு போட்டு, மறுநாள் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் வெளியே இன்னும் தண்ணீர் வடியவில்லை, காத்திருங்கள். ஏறவில்லை என்றால் மேற்கொண்டு கொஞ்சம் இறையுங்கள்.